கேள்வி முதலில், கொள்கை பிறகு: கல்லூரி வேதியியல் வகுப்பு பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி முதலாண்டு வேதியியலை வாழ்க்கைச் சூழலோடு இணைத்தும், மாணவர்களையே சிந்தித்துப் பேச வைத்தும் கற்பிக்கும் முறைகளைக் குறித்து ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: சோப்பு, உரம், சிமென்ட் என்று பாட முடிவில் அன்றாடப் பயன்களை நானும் சொல்லித்தான் வருகிறேன். சூழல் சார்ந்த கற்பித்தல் என்று இப்போது பேசப்படுவது இதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
— உதவிப் பேராசிரியர், சேலம்

வேறுபாடு வரிசையில் இருக்கிறது. கொள்கையை முழுவதும் விளக்கிவிட்டு, மணி அடிப்பதற்கு முன் இரண்டு பயன்களைச் சொல்லி முடிப்பது நாம் எல்லோரும் பழகிய முறை. அந்தப் பயன்களை நீக்கிவிட்டாலும் பாடத்தில் எதுவும் குறையாது. சூழல் சார்ந்த முறையில் உண்மையான சிக்கல் ஒன்று முதலில் வருகிறது. அதைப் புரிந்துகொள்ள எந்தக் கொள்கை, எந்தக் கட்டத்தில், எந்த அளவுக்குத் தேவையோ அந்த அளவுக்கு அது வகுப்புக்குள் நுழைகிறது. சிக்கலை எடுத்துவிட்டால் பாடம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் வகுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய இந்த ஒரு சோதனை போதும்.

இம்முறைக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க வேதியியல் கழகம் பள்ளி மாணவர்களுக்கென 1988-இல் ஒரு பாடநூலையும், அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்காத கல்லூரி மாணவர்களுக்கென 1994-இல் மற்றொரு பாடநூலையும் இந்த நோக்கில் வெளியிட்டது. இரண்டாவது நூல் அணு அமைப்பில் தொடங்காமல் நாம் சுவாசிக்கும் காற்றில் தொடங்கியது. அப்போது பலர், இது பிற துறை மாணவர்களுக்குப் பொருந்தும், வேதியியலையே படிக்க வந்தவர்களுக்குப் போதாது என்று கருதினார்கள். 1990-களின் நடுவில் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளித்த பெரிய திட்டங்கள் அறிவியல் மாணவர்களின் அறிமுக வேதியியலையே மாற்றி அமைக்க முற்பட்டன. பெலாய்ட் கல்லூரியையும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் மையமாகக் கொண்ட குழுக்கள், சில வாரங்களில் நடத்தி முடிக்கத்தக்க பாடத்தொகுதிகளை உருவாக்கின. ஒவ்வொரு தொகுதிக்கும் தலைப்பாக ஒரு கேள்வி இருந்தது.

அண்டார்க்டிகாவின் வசந்த காலத்தில் ஓசோன் துளை ஏன் தோன்றுகிறது என்பது அவற்றுள் ஒன்று. இந்தக் கேள்வி எவ்வளவு வேதியியலை இழுத்து வருகிறது என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களில் பெரும்பகுதி வட அரைக்கோளத்தில் வெளியேற்றப்பட்டது; ஆனால் 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்த பெரும் இழப்பு தென்துருவத்தின் மேல் நிகழ்ந்திருந்தது, அதுவும் ஆண்டின் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும். கார்பன்–குளோரின் பிணைப்பு கார்பன்–ஃபுளோரின் பிணைப்பைவிட வலிமை குன்றியது என்பதை அறியாமல் குளோரின் அணு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஒளியின் அலைநீளத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை அறியாமல் அந்தப் பிணைப்பு வளிமண்டலத்தின் உயரத்தில் மட்டும் உடைவது ஏன் என்று விளங்காது. வினையூக்கம் தெரிந்தால்தான் ஒரு குளோரின் அணு திரும்பத் திரும்ப வினைபுரிந்து பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிப்பது புரியும். பருவக் கணக்கு விளங்க வேண்டுமென்றால், ஏறத்தாழ −78 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருவாகும் துருவ மேகங்களின் பரப்பில் நிகழும் வினைகளையும், நீண்ட இரவுக்குப் பின் சூரியன் திரும்புவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிணைப்பு ஆற்றல், ஒளிவேதியியல், வினைவேகவியல், பரப்பு வேதியியல் ஆகிய நான்கு அலகுகளும் ஒரே கேள்வியில் கோக்கப்பட்டுவிட்டன.

கேள்வி: எங்கள் பாடத்திட்டத்தில் அயனிச் சமநிலை ஒரு முழு அலகாக உள்ளது. கரைதிறன் பெருக்கக் கணக்குகளை மாணவர்கள் சூத்திரத்தில் எண்களை இட்டு முடித்துவிடுகிறார்கள். இந்த அலகைச் சூழல் சார்ந்து நடத்த ஒரு மாதிரி தர இயலுமா?
— வேதியியல் விரிவுரையாளர், தருமபுரி

நீங்கள் இருக்கும் மாவட்டமே அதற்கான பாடப்பொருளைத் தருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதும், அதனால் பற்களில் கறையும் எலும்புகளில் பாதிப்பும் ஏற்படுவதும் உங்கள் மாணவர்கள் கண்டு வளர்ந்த செய்தி. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க உச்ச அளவாக 1.5 மில்லிகிராமையும் வகுத்துள்ளது.

முதல் வகுப்பில் கரைதிறன் பெருக்கம் (தெவிட்டிய கரைசலில் உப்பின் அயனிச் செறிவுகளைப் பெருக்கிக் கிடைக்கும் மாறிலி) என்ற சொல்லையே எடுக்காதீர்கள். சுற்றுவட்டாரக் கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றின் நீர்ப் பகுப்பாய்வு அறிக்கைகளைத் திரட்டி, ஃபுளோரைடு, கால்சியம், பைகார்பனேட்டு அளவுகளை மட்டும் அட்டவணையாக்கிக் குழுவுக்கு ஒரு படி கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்த அறிக்கைகள் ஊராட்சிகளில் இருக்கக்கூடும். அட்டவணையில் என்ன ஒழுங்கு தெரிகிறது என்று கேளுங்கள். ஃபுளோரைடு மிகுந்த நீரில் கால்சியம் குறைந்திருப்பது பொதுவாகக் காணப்படும் போக்கு. உங்கள் அட்டவணையிலும் அது தென்பட வாய்ப்பு அதிகம். சில கிணறுகள் அதற்கு மாறாக இருந்தால் அவற்றை நீக்கிவிட வேண்டாம். ஒழுங்குக்கு அடங்காத எண்களைக் கொண்டுதான் நல்ல விவாதங்கள் எழும்.

இரண்டாம் வகுப்பில், பாறையிலுள்ள கால்சியம் ஃபுளோரைடு தூய நீரில் எவ்வளவு கரையும் என்பதை அவர்களே கணக்கிடட்டும். கரைதிறன் பெருக்கத்துக்கு 25 டிகிரியில் 3.5 × 10⁻¹¹ என்ற மதிப்பை எடுத்துக்கொண்டால், கரைதிறன் லிட்டருக்கு ஏறத்தாழ 2.1 × 10⁻⁴ மோல் என்று வரும். ஒரு மூலக்கூறு வாய்பாட்டுக்கு இரண்டு ஃபுளோரைடு அயனிகள் என்பதைக் கணக்கில் கொண்டால், நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் இருக்கும். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவைப் போல ஐந்து மடங்குக்கு மேல்! பாடநூலில் 'சொற்பமாகக் கரையும் உப்பு' என்று படித்த பொருள் இவ்வளவு தீங்கு செய்யப் போதுமானது என்பதை மாணவர் தம் கையாலேயே கண்டறிகிறார். அந்தக் கணக்கை அவர் மறக்க மாட்டார்.

மூன்றாம் வகுப்புதான் இந்தப் பாடத்தின் உயிர். இந்த நீரை எப்படிச் சரிசெய்வது என்று குழுக்களைக் கேளுங்கள். உப்பின் அயனிகளில் ஒன்று நீரில் ஏற்கெனவே மிகுந்திருந்தால் அந்த உப்பு குறைவாகவே கரையும் என்ற பொது அயனி விளைவைப் பள்ளியில் படித்தவர்கள் கால்சியத்தைச் சேர்க்கலாம், சுண்ணாம்பு போடலாம் என்பார்கள். சரி, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு என்பது 7.9 × 10⁻⁵ மோலார். அதன் இருமடியால் கரைதிறன் பெருக்கத்தை வகுத்தால், நீரில் கரைந்த நிலையிலேயே நிலைத்திருக்க வேண்டிய கால்சியம் ஏறத்தாழ 5.6 × 10⁻³ மோலார், அதாவது லிட்டருக்கு 220 மில்லிகிராமுக்கு மேல் என்று கிடைக்கும். குடிநீரில் கால்சியத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ 200 மில்லிகிராம். தாங்கள் முன்வைத்த தீர்வு தாங்கள் போட்ட கணக்கிலேயே தோற்பதை மாணவர்கள் காணும் அந்த இடத்தில், ஆசிரியர் உடனே விடையைச் சொல்லிவிடாமல் சிறிது பொறுத்திருப்பது அவசியம்.

அதன்பின் படிகாரத்தை அறிமுகப்படுத்துங்கள். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், சுண்ணாம்பும் படிகாரமும் வெளுப்புத்தூளும் நீரில் சேர்க்கப்படுகின்றன. படிகாரத்திலிருந்து உண்டாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு திரள்கள் ஃபுளோரைடைப் பற்றிக்கொண்டு அடியில் படிகின்றன. வீழ்படிவாக்கம் எட்ட முடியாத அளவைப் பரப்புக்கவர்ச்சி, அதாவது திண்மத்தின் பரப்பில் அயனிகள் ஒட்டிக்கொள்வது, எட்டுகிறது என்பதை இங்கே சொன்னால், பரப்பு வேதியியலுக்கான கதவும் திறந்துவிடும். இம்முறையிலும் படியும் கசடை என்ன செய்வது, நீரில் எஞ்சும் அலுமினியத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற வினாக்கள் உண்டு. நீரைச் சுத்திகரிப்பதற்குப் பதிலாக வேறு நீரையே கொண்டுவருவது என்ற வழியை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உங்கள் மாவட்டத்தில் மேற்கொண்டது. எந்த ஊருக்கு எந்த வழி ஏற்றது என்று மாணவர்கள் எண்களை வைத்து வாதிடலாம்.

செய்முறையைப் பொறுத்தவரை, ஃபுளோரைடை நேரடியாக அளக்கத் தேவையான அயனித்தேர்வு மின்முனை எல்லாக் கல்லூரிகளிலும் இராது. ஆனால் மாணவர்கள் தம் வீட்டு நீரைக் கொண்டுவந்து ஈடிடிஏ தரம்பார்த்தல் மூலம் கடினத்தன்மையைக் காண எந்தப் புதிய கருவியும் வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள சோதனைதான் அது. ஆய்வகம் தரும் மாதிரிக் கரைசலுக்குப் பதிலாகத் தம் வீட்டு நீர் என்பதே மாற்றம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் வகுப்பில் பற்களில் கறையுள்ள மாணவர்கள் இருப்பார்கள். எவரையும் எடுத்துக்காட்டாகச் சுட்டிப் பேசும் நிலை வரவே கூடாது. அதற்கான பொறுப்பு முழுவதும் ஆசிரியருடையது.

கேள்வி: அடிப்படைகளை முதலில் திருத்தமாகக் கற்றால்தானே பயன்பாடுகளைப் பற்றிப் பேச முடியும்? குழு விவாதம் என்று காலத்தைச் செலவிட்டால் பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது?
— ஓய்வு பெற்ற பேராசிரியர், மதுரை

ஐயா, தங்கள் கவலையின் இரண்டாம் பகுதியை முழுமையாக ஏற்கிறேன். இம்முறையில் நடத்தப்படும் பக்கங்கள் குறையும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் நாம் நடத்தி முடித்ததும் மாணவர் கற்று முடித்ததும் ஒன்றுதானா என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

1987-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இதே ஐயத்தை வாயு விதிகளைக் கொண்டு சோதித்தது. சூத்திரத்தில் எண்களை இட்டு அழுத்தத்தையும் பருமனையும் சரியாகக் கண்ட மாணவர்களில் பலர், எஃகுக் கலத்தில் அடைத்த ஹைட்ரஜனைக் குளிர்வித்தால் மூலக்கூறுகள் எப்படிப் பரவியிருக்கும் என்று படங்களைக் காட்டிக் கேட்டபோது தவறினார்கள். கலம் முழுவதும் முன்போலவே பரவியிருக்கும் என்பதே விடை. கணக்கு வந்திருக்கிறது, வாயு என்றால் என்ன என்பது வரவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் இதன் காரணத்தைத் தெளிவாக விளக்கினார். வேதியியலில் கண்ணால் காண்பது, துகள்களின் நிலை, குறியீடு ஆகிய மூன்று தளங்கள் உள்ளன. பழகிய ஆசிரியர் மூன்றுக்கும் இடையே தன்னையறியாமல் தாவிச் செல்வார், புதிதாகக் கற்பவருக்கோ மூன்றையும் ஒரே நேரத்தில் தாங்க முடிவதில்லை. அடிப்படைகளைத் திருத்தமாகக் கற்பது என்று தாங்கள் சொல்வது இந்த மூன்று தளங்களையும் இணைக்கக் கற்பதுதான் என்றால், நம் இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லை.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று உண்டு. விரிவுரை மட்டுமே கேட்ட வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 விழுக்காடாகவும், மாணவர் செயல்பாட்டுக்கு இடமளித்த வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. இந்த இடைவெளி பெரியது. கற்பிக்கும் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கடந்து சென்றுவிட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

எதை விடுவது என்ற கேள்விக்கு என் கருத்து இது: தொழில்முறைத் தயாரிப்புகளின் நீண்ட பட்டியல்களையும், சேர்மங்களின் பண்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பகுதிகளையும் மாணவர் நூலில் தாமே படித்துக்கொள்ளலாம். அதேபோல எல்லாப் பாடத்தையும் சூழலுக்குள் திணிக்க வேண்டியதும் இல்லை. குவாண்டம் எண்களையும் சேர்மங்களின் பெயரிடும் முறையையும் நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதே நேரத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும்.

கேள்வி: எழுபது மாணவர்கள், நகர்த்த முடியாத பெஞ்சுகள், ஒரு கரும்பலகை. இந்த வகுப்பில் என்ன செய்ய முடியும்?
— கௌரவ விரிவுரையாளர், திருவாரூர்

இரண்டு வழிகளைச் சொல்கிறேன். முதல் வழிக்குக் கரும்பலகை போதும். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் பெரிய வகுப்புகளுக்காக வகுத்த முறை அது. சிறிது நேரம் விளக்கியபின், கணக்கிடத் தேவையில்லாத, சிந்திக்க மட்டுமே வேண்டிய கேள்வி ஒன்றை நான்கு விடைகளோடு எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, கொதிக்கும் நீரில் எழும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது காற்றா, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமா, நீராவியா, வெப்பமா? ஒவ்வொருவரும் யாரிடமும் பேசாமல் விடையைத் தீர்மானித்து, நீங்கள் சொல்லும்போது ஒரே நேரத்தில் விரல்களால் எண்ணைக் காட்டட்டும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்ற விடைக்குக் கணிசமான கைகள் உயரலாம். பல நாடுகளில் இந்தக் கேள்விக்கு மாணவர்கள் அப்படித்தான் விடையளித்திருக்கிறார்கள். சரியான விடையை உடனே சொல்லாமல், வேறு விடை காட்டிய அருகிலிருப்பவரை வாதத்தால் இணங்க வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை கை உயர்த்தும்போது பெரும்பாலும் விடைகள் சரியான பக்கம் நகர்ந்திருக்கும். விளக்கத்தை அதன்பின் தொடங்குங்கள்.

இரண்டாவது வழி, பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியில் 1990-களில் வளர்ந்த வழிகாட்டிய தேடல் முறை. ஒற்றைப்படை வரிசையில் அமர்ந்தவர்கள் பின்னால் திரும்பினால் நால்வர் குழு அமைந்துவிடும். பெஞ்சை நகர்த்த வேண்டியதில்லை. ஒருவர் குழுவை நடத்துவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் வகுப்புக்கு அறிவிப்பார், ஒருவர் குழு எப்படிச் செயல்பட்டது என்று கவனித்துச் சொல்வார். ஒவ்வொரு வாரமும் இந்தப் பொறுப்புகள் மாற வேண்டும். கையில் தரும் தாளில் முதலில் வரையறை இருக்காது, தரவு இருக்கும். அயனியாக்கும் ஆற்றல் மதிப்புகளைப் பார்த்து அவற்றில் உள்ள ஒழுங்கை அவர்களே கண்டுபிடித்த பின்னர்தான் அதற்கான கலைச்சொல்லை ஆசிரியர் தருவார். கேள்விகளை எழுதுவதே இதில் கடினமான வேலை. முதல் பருவத்தில் ஓர் அலகுக்கு மட்டும் எழுதிப் பாருங்கள்.

எழுபது பேரையும் ஒருவரே சுற்றிவர முடியாது என்பது உண்மை. நியூயார்க் சிட்டி கல்லூரியில் இதற்காகவே, அதே பாடத்தை முந்தைய ஆண்டு நன்றாகப் படித்துத் தேறிய மாணவர்களைச் சிறு குழுக்களுக்கு வழிநடத்துநராக அமர்த்தினார்கள். அவர்கள் விடையைச் சொல்லக் கூடாது, விடைக்குறிப்பும் அவர்களிடம் தரப்படாது. குழுவைச் சிந்திக்க வைப்பது மட்டுமே அவர்கள் பணி. உங்கள் இரண்டாமாண்டு மாணவர்களில் சிலர் இதை விரும்பி ஏற்பார்கள்.

கேள்வி: பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். எங்கள் பேராசிரியர் இப்போது குழுவாகப் பேசச் சொல்கிறார். ஆங்கிலம் தெரிந்தவர்களே பேசுகிறார்கள். அவர் முன்போல் பாடம் நடத்தினால்தான் எனக்கு எல்லாம் புரிந்ததுபோல் இருக்கிறது.
— முதலாண்டு மாணவி, விருதுநகர்

உங்கள் கடிதத்தின் கடைசி வரி மிகவும் கவனிக்கத்தக்கது. 2019-இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில் இதே நிலை வெளிப்பட்டது. செயல்பாட்டு வகுப்பில் அமர்ந்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தது தெரிந்தது. ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே அவர்கள் கருதினார்கள். நன்கு கோக்கப்பட்ட விரிவுரையைக் கேட்கும்போது தடையின்றி எல்லாம் விளங்குவதுபோல் இருக்கும். நாமே தேடும்போது ஒவ்வோர் அடியிலும் தட்டுத் தடுமாற வேண்டியிருக்கிறது, அந்தத் தடுமாற்றம் நமக்குப் புரியவில்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆகவே உங்களுக்கு எவ்வளவு புரிந்தது என்பதை அந்த உணர்வைக் கொண்டு அளக்காதீர்கள். வகுப்பு முடிந்த அன்றே நூலை மூடிவைத்துவிட்டு, அன்று பேசியதை உங்கள் சொற்களில் எழுதிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள்.

மொழியைப் பற்றி உங்கள் பேராசிரியருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குழுவுக்குள் தமிழில் விவாதிக்க வெளிப்படையாக அனுமதி தரப்பட வேண்டும். சமநிலை, வீழ்படிவு, பரப்புக்கவர்ச்சி என்று பள்ளியில் நீங்கள் கற்ற கலைச்சொற்கள் துல்லியமானவை. அவற்றைக் கொண்டு சிந்தித்துவிட்டு, எழுதும்போது ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். அறிவிப்பவர் பொறுப்பு எல்லோருக்கும் முறைவைத்து வந்தால் ஒருவரே பேசிக்கொண்டிருக்க முடியாது. உரிய வாய்ப்பு மறுக்கப்பட்ட பின்னணிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கும் பிறருக்கும் இடையே தேர்ச்சியில் உள்ள இடைவெளி, செயல்பாட்டு வகுப்புகளில் குறைவதை 2020-இல் வெளியான அமெரிக்கத் தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. இந்த முறை உங்களைப் போன்றவர்களுக்கே கூடுதலாக உதவக்கூடியது. உங்கள் முறை வரும்போது எழுந்து பேசுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழக வினாத்தாள் வரையறையும் சூத்திரம் வருவித்தலும்தான் கேட்கிறது. இதற்கெல்லாம் மதிப்பெண் எங்கே?
— துறைத்தலைவர், ஈரோடு

பருவத் தேர்வு வினாத்தாள் உங்கள் கையில் இல்லை. அகமதிப்பீடு உங்கள் கையில் இருக்கிறது. அதில் இடம் பெறாத எதையும் மாணவர்கள் நாளடைவில் பொருட்படுத்த மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வோர் அகத்தேர்விலும் வரையறைக் கேள்விகளோடு, புதிய தரவு ஒன்றைத் தந்து முடிவெடுக்கச் சொல்லும் ஒரு கேள்வியையாவது சேருங்கள். "ஓர் ஊரின் நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபுளோரைடும் 30 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. இந்த நீரில் கால்சியம் ஃபுளோரைடு தானாக வீழ்படிவாகுமா? கணக்கிட்டுக் காட்டி, அந்த ஊராட்சிக்கு நீங்கள் எந்தச் சுத்திகரிப்பு முறையைப் பரிந்துரைப்பீர்கள் என்று எழுதுக" என்று கேட்கலாம். அயனிப் பெருக்கம் 3.3 × 10⁻¹¹ என்று வரும். கரைதிறன் பெருக்கத்துக்கு மிக நெருங்கியும் அதைத் தாண்டாத மதிப்பு அது. வகுப்பில் இந்தப் பாடத்தைச் சிந்தித்துக் கற்றவர் யார், மனப்பாடம் செய்தவர் யார் என்பதை விடையின் இரண்டாம் பகுதியில் காண்பீர்கள். கணக்குக்கு எவ்வளவு, பரிந்துரைக்கான காரணத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் பிரிப்பை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.